மருந்துக் கடையிலும் உண்டு, பள்ளிக்கூடத்திலும் உண்டு, பாங்கியையும் கவிழ்த்தது! - ஒரு ஆங்கிலச் சொல்லின் கதை

லண்டன் நகரில் பேரிங்ஸ் என்று ஒரு பாங்கி இருந்தது.

மிகப் பழைய பாங்கி. 1762-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1803-ல் அமெரிக்கா, பிரான்சு நாட்டிடம் இருந்து லூயிசியானா என்ற பெரிய நிலப்பரப்பை விலைக்கு வாங்கியது. அதற்குப் பணம் புரட்டிக் கொடுத்ததில் இந்த பாங்கிக்குப் பங்கு உண்டு. பிற்காலத்தில் இங்கிலாந்து ராணி எலிசபெத் கூட இதன் வாடிக்கையாளராக இருந்தார்.

233 ஆண்டுகள் நிமிர்ந்து நின்ற அந்த பாங்கி, 1995-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை கவிழ்ந்தது. கவிழ்த்தவர் ஒரே ஒரு வாலிபர். அவருக்கு 28 வயது நிரம்பி ஒரு நாள்தான் ஆகியிருந்தது!

அவர் துப்பாக்கி எடுக்கவில்லை. பெட்டகத்தை உடைக்கவில்லை. பிறகு எப்படிக் கவிழ்த்தார்?

அந்தக் கேள்விக்கு விடையாக உலகப் பத்திரிகைகள் எல்லாம் ஒரு சொல்லைப் போட்டன. "டெரிவேட்டிவ்" என்பதே அந்தச் சொல்.

வேடிக்கை என்னவென்றால், அது புதிய சொல் அல்ல. கல்லூரி மாணவன் கணக்குப் பாடத்தில் அதைப் படிக்கிறான். மருந்து செய்கிறவர்கள் அதைச் சொல்கிறார்கள். இலக்கண ஆசிரியர் சொல்கிறார். வக்கீல் சொல்கிறார். சினிமா விமர்சனம் எழுதுகிறவர், ஒரு படத்தை மட்டம் தட்டவேண்டும் என்றால் இதே சொல்லைத்தான் எடுத்து வீசுகிறார்!

ஒரே சொல்லுக்கு எப்படி இத்தனை வேலை வந்தது?

வாய்க்கால்

எல்லாம் ஒரு வாய்க்காலில் இருந்து வந்தது.

ஐரோப்பாவின் பழைய மொழி லத்தீன். அதில் "ரீவுஸ்" என்றால் ஓடை. "டே" என்றால் "அதிலிருந்து". ஓடையில் ஓடும் தண்ணீரை வெட்டி, வேறு பக்கம் திருப்பி விடுவதற்கு "டேரிவாரே" என்று பெயர். உழவர்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்களே, அந்த வேலைதான்.

இந்தச் சொல் பிரெஞ்சு மொழிக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. "டிரைவ்" என்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறுவது. அப்படிப் பெறப்பட்ட பொருள், டெரிவேட்டிவ். ஆறு மூலம், வாய்க்கால் டெரிவேட்டிவ். அவ்வளவுதான்.

இதே ஓடையில் பிறந்த இன்னொரு ஆங்கிலச் சொல்லும் உண்டு. "ரைவல்" என்பது அது. போட்டிக்காரன், எதிரி என்று பொருள். லத்தீனில் அதற்கு முதலில் இருந்த பொருள், "ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் பக்கத்து நிலத்துக்காரன்" என்பது! வாய்க்கால் தகராறு எந்த நாட்டில்தான் இல்லை?

ஆற்றைக் குறிக்கும் "ரிவர்" என்ற சொல்லும் இதில் இருந்து வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. அது, கரையைக் குறிக்கும் வேறு ஒரு லத்தீன் சொல்லில் இருந்து வந்தது.

ஆக, டெரிவேட்டிவ் என்ற சொல் எங்கே வந்தாலும், ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும். "எதிலிருந்து வந்தது?" என்பதே அந்தக் கேள்வி. ஆற்றைப் பார்க்காமல் வாய்க்காலை மட்டும் பார்க்கிறவனுக்கு, தண்ணீர் ஏன் நின்றது என்று தெரியாது.

இலக்கணத்தில்

இலக்கணத்தில் இதன் வேலை எளிது.

"டீச்" என்றால் கற்றுக் கொடு. அதில் இருந்து "டீச்சர்" வந்தது. "ஹாப்பி" என்றால் மகிழ்ச்சியான. அதன் முன்னே "அன்" சேர்த்தால் "அன்ஹாப்பி". பின்னே "னஸ்" சேர்த்தால் "ஹாப்பினஸ்". இவை எல்லாம் டெரிவேட்டிவ் சொற்கள். புதிய சொல்லாகப் பிறந்தவை.

ஆனால் "டீச்சஸ்" என்பது டெரிவேட்டிவ் அல்ல. "அவர் கற்றுக் கொடுக்கிறார்" என்று சொல்வதற்காக அதே சொல் கொஞ்சம் உருவம் மாறி நிற்கிறது. புதுச் சொல் பிறக்கவில்லை.

வேற்று மொழியில் இருந்து வந்த சொல்லையும் ஆங்கில அகராதிகள், "இன்ன மொழியில் இருந்து பெறப்பட்டது" என்று எழுதுகின்றன. அப்படித் தமிழில் இருந்து போனவையும் உண்டு. சுருட்டு, "செரூட்" ஆயிற்று. மிளகுத்தண்ணீர், "மல்லிகடானி" ஆயிற்று. கட்டுமரம், "கேட்டமரான்" ஆயிற்று.

இதில் கட்டுமரத்தின் கதை தனி. நம் மீனவர்கள் மரங்களைச் சேர்த்துக் கட்டிக் கடலில் விட்டால், அது கட்டுமரம். இன்று ஆங்கிலத்தில் "கேட்டமரான்" என்றால், இரண்டு அடிப்பாகங்களை இணைத்துக் கட்டிய படகு என்று பொருள். பணக்காரர்களின் உல்லாசப் படகுக்கும் அந்தப் பெயர்தான். வாய்க்கால் எங்கெங்கோ போய்விட்டது!

ஒரே ஆள், இரண்டு மருந்து

பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் இந்தச் சொல்லை அதன் சொந்தப் பொருளிலேயே ஆண்டார்கள். தலையில் கெட்ட நீர் சேர்ந்தால் தலைவலி வரும் என்பது அவர்கள் எண்ணம். காலிலோ பிடரியிலோ கடுகுப் பற்றுப் போட்டு, அந்த நீரை அங்கே இழுத்துவிடப் பார்ப்பார்கள். அந்தப் பற்றுக்கு டெரிவேட்டிவ் என்று பெயர். உடம்புக்குள் வாய்க்கால் வெட்டும் வைத்தியம்!

அந்த வைத்தியம் ஒழிந்தது. பிறகு ரசாயன நிபுணர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு ரசாயனப் பொருள் இருக்கிறது. அதன் ஒரு பகுதியை மட்டும் மாற்றுகிறார்கள், அல்லது அதில் ஒரு துண்டை ஒட்டுகிறார்கள். முதுகெலும்பு பழையதுதான், ஆனால் குணம் மாறிவிடுகிறது. இப்படிக் கிடைக்கும் புதுப் பொருள், பழைய பொருளின் டெரிவேட்டிவ்.

இதனால் நன்மையும் வந்தது, நாசமும் வந்தது. இரண்டையும் செய்தவர் ஒரே ஆள்!

அவர் பெயர் பெலிக்ஸ் ஹாப்மன். ஜெர்மனியில் பேயர் என்ற மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தார்.

வில்லோ என்ற மரத்தின் பட்டை காய்ச்சலையும் வலியையும் தணிக்கும் என்பது பழங்காலத்தில் இருந்தே தெரிந்த விஷயம். அந்த வழியில் கிடைத்த மருந்து, சாலிசிலிக் அமிலம். வலியைத் தணிக்கும். ஆனால் வயிற்றைப் புண்ணாக்கும். ஹாப்மன் அதனுடன் "அசிட்டைல்" என்ற ஒரு சிறு துண்டை ஒட்டினார். 1897-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி, அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தார்.

அதுதான் ஆஸ்பிரின். 1899-ல் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. அந்த மாத்திரையைக் கேள்விப்படாத ஊர் இல்லை.

இரண்டு வாரம் ஆவதற்குள், ஹாப்மன் அதே வித்தையை வேறு ஒரு பொருளிடம் காட்டினார். அந்தப் பொருள் மார்பின். அபினில் இருந்து எடுப்பது. அதிலும் அசிட்டைல் துண்டை ஒட்டினார். கிடைத்தது என்ன தெரியுமா?

ஹெராயின்!

(லண்டனில் ரைட் என்ற நிபுணர் 1874-லேயே அதைச் செய்து பார்த்திருந்தார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.)

1898 முதல் கம்பெனி அதை இருமல் மருந்தாக விற்றது. மார்பின் ஆளை அடிமையாக்கும். இந்தப் புது மருந்து அப்படிச் செய்யாது என்று அப்போது நம்பினார்கள். பெயர்தான் புதிது. உடம்புக்குள் போனதும் அது மறுபடி மார்பினாகவே மாறிவிடுகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. 1913-ல் கம்பெனி அதன் தயாரிப்பை நிறுத்தியது. 1924-ல் அமெரிக்கா அதற்குத் தடை விதித்தது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் சீரழிந்துவிட்டன.

"எதிலிருந்து வந்தது?" என்ற கேள்வியை அன்று அழுத்திக் கேட்டிருக்கவேண்டும்.

நாய்க்குட்டி வழக்கு

எழுத்து, ஓவியம், சினிமா ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது, டெரிவேட்டிவ் என்பது வசைச் சொல். "இந்தப் படம் டெரிவேட்டிவ்" என்று ஒருவர் எழுதினால், சொந்தச் சரக்கு இல்லை, எங்கோ பார்த்ததைத் திருப்பிச் செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

இந்த வசையை அளந்து பேசுவது நல்லது. ஷேக்ஸ்பியரின் "ரோமியோவும் ஜூலியட்டும்" நாடகத்தின் கதை அவர் கற்பனை செய்தது அல்ல. 1562-ல் ஆர்தர் புரூக் என்பவர் ஆங்கிலத்தில் அதைக் கவிதையாக எழுதியிருந்தார். அவருக்கு அது பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சுக்கு இத்தாலியில் இருந்து வந்தது. இன்று புரூக்கை யார் படிக்கிறார்கள்?

கோர்ட்டில் இதே சொல் வசை அல்ல, சட்டச் சொல். அமெரிக்காவின் 1976-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்கு விளக்கமே உண்டு. ஒரு நாவலை மொழிபெயர்த்தால், அந்த மொழிபெயர்ப்பு டெரிவேட்டிவ். சினிமாவாக எடுத்தால் அதுவும் டெரிவேட்டிவ். மூலத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்கவேண்டும்.

வாங்காமல் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் ஜெப் கூன்ஸ் என்ற பிரபல அமெரிக்கச் சிற்பி.

ஆர்ட் ரோஜர்ஸ் என்ற போட்டோக்காரர் ஒரு படம் எடுத்திருந்தார். கணவனும் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்து, 8 நாய்க்குட்டிகளை வரிசையாகக் கையில் ஏந்தியிருக்கும் படம். அது வாழ்த்து அட்டையில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. கூன்ஸ் அந்த அட்டையை வாங்கினார். அதில் இருந்த உரிமைக் குறிப்பைக் கிழித்தார். "இதேபோல் செய்யுங்கள்" என்று சிற்பத் தொழிலாளர்களிடம் கொடுத்தார். மரத்தில் செய்து வண்ணம் பூசிய அந்தச் சிற்பங்களில் மூன்று, மொத்தம் 3 லட்சத்து 67 ஆயிரம் டாலருக்கு விலைபோயின!

போட்டோக்காரர் வழக்குப் போட்டார். "இது கேலிச் சித்திரம் போன்றது" என்று கூன்ஸ் தரப்பில் வாதாடினார்கள். 1992-ல் அப்பீல் கோர்ட்டு, போட்டோக்காரர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

விழும் கல்

இனி, மாணவர்களைப் பயமுறுத்தும் டெரிவேட்டிவ். தமிழில் கணக்கு வாத்தியார்கள் இதை "வகைக்கெழு" என்பார்கள். பெயரைக் கேட்டதும் ஓடவேண்டியது இல்லை.

உயரமான இடத்தில் இருந்து ஒரு கல்லைக் கீழே போடுங்கள். ஒரு வினாடியில் அது 16 அடி விழும். 2 வினாடியில் மொத்தம் 64 அடி. 3 வினாடியில் 144 அடி.

கல் எவ்வளவு தூரம் விழுந்தது என்று தெரிந்துவிட்டது. ஆனால், சரியாக 2-வது வினாடி முடியும் அந்த நொடியில் அது என்ன வேகத்தில் போய்க்கொண்டிருந்தது?

தூரக் கணக்கில் இருந்தே வேகக் கணக்கை எடுக்கலாம். விடை: வினாடிக்கு 64 அடி வேகம். முதல் வினாடி முடிவில் வேகம் 32. மூன்றாவது வினாடி முடிவில் 96. தூரம் ஆறு என்றால், வேகம் அதில் வெட்டிய வாய்க்கால். தூரத்தின் டெரிவேட்டிவ், வேகம்.

வாய்க்காலில் இருந்து இன்னொரு வாய்க்காலும் வெட்டலாம். வேகம் 32, 64, 96 என்று ஏறுகிறது அல்லவா? வினாடிக்கு 32 வீதம் ஏறுகிறது. அது வேகத்தின் டெரிவேட்டிவ்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒரு பெரிய சண்டையே நடந்தது. இங்கிலாந்தின் நியூட்டன், 1665-ல் பிளேக் நோய் பரவிக் கல்லூரியை மூடியபோது, சொந்த ஊருக்குப் போய் இருந்த காலத்தில் இதைக் கண்டார். ஆனால் பெட்டியில் பூட்டி வைத்தார். ஜெர்மனியின் லைப்னிட்ஸ், தனியே கண்டுபிடித்து 1684-ல் அச்சிட்டுவிட்டார்.

லண்டன் ராயல் சொசைட்டி விசாரணை நடத்தி, நியூட்டன்தான் முதல்வர் என்று அறிக்கை வெளியிட்டது. அப்போது அந்தச் சபையின் தலைவர் யார்? நியூட்டனே! அறிக்கையை எழுதியதிலும் அவர் கை இருந்தது. இப்படியும் ஒரு விசாரணை!

இவர்கள் இருவருமே "டெரிவேட்டிவ்" என்ற பெயரை வைக்கவில்லை. "ஒன்றில் இருந்து பெறப்பட்டது" என்ற பொருளில் அந்தப் பெயரைப் பிரெஞ்சில் 1797-ல் நூலில் எழுதி நிலைநாட்டியவர் லக்ராஞ்சு என்ற கணித மேதை.

விலைவாசி பற்றிய பேச்சிலும் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது. 1972-ல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன், "பணவீக்கம் அதிகரிக்கும் வேகம் குறைகிறது" என்று சொன்னார். விலை ஏறுகிறது. ஏறுகிற வேகமும் ஏறுகிறது. ஆனால் அப்படி ஏறுவதன் வேகம் குறைகிறதாம்! தேர்தலுக்காக மூன்றாவது டெரிவேட்டிவைப் பயன்படுத்திய முதல் ஜனாதிபதி இவர்தான் என்று, ஹியூகோ ரோசி என்ற கணித அறிஞர் பின்னால் கேலியாக எழுதினார். கடைக்குப் போன குடும்பத் தலைவிக்கு, விலை குறையவில்லை என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

அச்சாரம்

இப்போது பாங்கிக்கு வருவோம்.

வீடு வாங்குகிறவர் அச்சாரம் கொடுக்கிறார். நிலத்தை விற்கிறவர் முன்பணம் வாங்குகிறார். பொருள் இன்னும் கை மாறவில்லை. ஆனால் ஒரு ஒப்பந்தம் உண்டாகிவிட்டது. அந்த ஒப்பந்தத்துக்கே ஒரு மதிப்பு உண்டு. பொருளின் விலை ஏறினால் ஒப்பந்தத்தின் மதிப்பும் மாறும்.

இப்படி வேறு ஒரு பொருளின் விலையில் இருந்து மதிப்பைப் பெறும் ஒப்பந்தம்தான், மார்க்கெட்டில் டெரிவேட்டிவ்.

இது பழைய யோசனை. சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன் தேல்ஸ் என்ற கிரேக்க ஞானி இருந்தார். "படித்து என்ன பயன்? ஏழையாகத்தானே இருக்கிறாய்?" என்று அவரை ஊரார் கேலி செய்தார்கள். அடுத்த அறுவடையில் ஆலிவ் காய் அமோகமாக விளையும் என்று அவர் கணித்தார். குளிர் காலத்திலேயே ஊரில் உள்ள ஆலிவ் செக்குகளுக்கு எல்லாம் சிறு அச்சாரம் கொடுத்து வைத்தார். விளைச்சல் வந்தது. எல்லாரும் செக்குக்கு ஓடினார்கள். சொன்னதுதான் வாடகை! தத்துவ ஞானி அரிஸ்டாட்டில் இந்தக் கதையை எழுதி வைத்திருக்கிறார்.

ஜப்பானில் ஒசாகா நகரில் டோஜிமா என்ற அரிசிச் சந்தை இருந்தது. அரிசியைக் கண்ணால் காணாமல், கணக்குப் புத்தகத்தில் மட்டும் வாங்கி விற்கும் முன்பேர வியாபாரத்துக்கு, 1730-ல் அங்கே அரசாங்கம் அனுமதி கொடுத்தது. ஒரு திரியைக் கொளுத்தி வைப்பார்கள். அது அணைந்ததும் வியாபாரம் முடிந்தது. அதற்குப் பிறகும் கலையாமல் கூச்சல் போடும் வியாபாரிகள் மீது வாளித் தண்ணீரை ஊற்றி விரட்டுவார்கள்!

அமெரிக்காவில் சிக்காகோ நகரில் 1848-ல் தானிய வியாபார சபை ஏற்பட்டது. அங்கே இதனால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது.

ஒரு மூட்டை கோதுமை 10 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவடையின்போது விலை இறங்கிவிடுமோ என்று உழவனுக்குப் பயம். ஏறிவிடுமோ என்று மாவு மில்காரனுக்குப் பயம். "விலை எதுவானாலும் 10 டாலருக்கே தருகிறேன்" என்று இருவரும் இன்றே எழுதிக்கொண்டால், இருவருக்கும் நிம்மதியான தூக்கம்.

மூன்றாவது ஆள் ஒருவன் வருகிறான். அவனிடம் கோதுமையும் இல்லை. மாவு மில்லும் இல்லை. விலை ஏறும் என்று பந்தயம் கட்ட, அந்தக் காகிதத்தை வாங்குகிறான். 100 டாலர் பேரத்துக்கு அவன் கட்டவேண்டிய முன்பணம் 10 டாலர்தான் என்றால், விலை பத்தில் ஒரு பங்கு இறங்கியதும் போட்ட பணம் முழுவதும் போயிற்று. ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால், போட்டதைப்போல் இன்னொரு மடங்கு கடன்! பொருளை வாங்கி வைத்திருந்தவனுக்குப் பாதிப் பொருளுக்கு மேல் கையில் மிஞ்சியிருக்கும். காகிதத்தை வாங்கியவனுக்கு எதுவும் மிஞ்சாது.

88888

நிக் லீசன், லண்டனுக்கு அருகே வாட்போர்டு என்ற ஊரில் பிறந்தவர். தந்தை சுவருக்குப் பூச்சு வேலை செய்கிறவர். பேரிங்ஸ் பாங்கியில் குமாஸ்தா வேலையில் சேர்ந்தார். 1992-ல், 25-வது வயதில், பாங்கி அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது.

ஜப்பானியப் பங்கு மார்க்கெட்டின் குறியீட்டு எண் "நிக்கேய்" எனப்படும். அந்த எண் ஏறுமா, இறங்குமா என்பதை வைத்து டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள் வாங்கி விற்பது லீசனின் வேலை.

பாங்கி ஒரு பெரிய தவறு செய்தது. வியாபாரம் செய்கிறவரும் லீசன். கணக்குச் சரிபார்க்கும் பிரிவுக்குத் தலைவரும் லீசன்! மளிகைக் கடையில் கூட, சாமான் நிறுப்பவரிடமே கல்லாப்பெட்டியையும் கணக்கையும் கொடுத்துவிட்டு முதலாளி ஊருக்குப் போகமாட்டார்.

தவறுகளை எழுதி வைப்பதற்கு என்று லீசன் ஒரு கணக்குத் திறந்தார். அதன் எண் 88888. எட்டு, சீனர்களுக்கு அதிர்ஷ்ட எண்.

அதிர்ஷ்டம் வரவில்லை. நஷ்டங்கள் அதில் ஒளிந்தன. 1992-ம் ஆண்டு முடிவில் 20 லட்சம் பவுன் நஷ்டம். 1993 முடிவில் 2 கோடியே 30 லட்சம் பவுன். 1994 முடிவில் 20 கோடியே 80 லட்சம் பவுன். விட்டதைப் பிடிக்கவேண்டும் என்று மேலும் மேலும் போட்டார்.

லண்டனில் இருந்த அதிகாரிகளுக்கு நஷ்டம் தெரியாது. லாபம் மட்டுமே காட்டப்பட்டது. அவரைக் கெட்டிக்காரர் என்று புகழ்ந்தார்கள். கேட்டபோதெல்லாம் பணம் அனுப்பினார்கள். இரண்டு பொறுப்பும் ஒருவரிடம் இருப்பது ஆபத்து என்று 1994-ல் பாங்கியின் தணிக்கையாளர்கள் எழுதினார்கள். அது காகிதத்தோடு நின்றது.

1995 ஜனவரியில், நிக்கேய் எண் பெரிதாக ஏறாது, இறங்காது என்று நம்பி லீசன் பந்தயம் கட்டியிருந்தார்.

ஜனவரி 17-ந் தேதி அதிகாலை 5 மணி 46 நிமிடம். ஜப்பானில் கோபே நகரில் பூமி அதிர்ந்தது. 6 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

பங்கு மார்க்கெட்டும் ஆடியது. 23-ந் தேதி ஒரே நாளில் நிக்கேய் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. லீசன் அப்போதும் நிறுத்தவில்லை. எண் மறுபடி ஏறும் என்று மலைபோல் ஒப்பந்தங்களை வாங்கிக் குவித்தார். ஏறவில்லை.

பிப்ரவரி 23-ந் தேதி, மன்னிப்புக் கேட்டு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, மனைவியுடன் சிங்கப்பூரை விட்டு ஓடினார். மார்ச் 2-ந் தேதி ஜெர்மனியில் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார்.

மொத்த நஷ்டம் 82 கோடியே 70 லட்சம் பவுன்! பாங்கி தன் சொத்தை எல்லாம் விற்றாலும் அடைக்க முடியாத தொகை. டச்சு நாட்டு ஐ.என்.ஜி. நிறுவனம் கடன்களை ஏற்றுக்கொண்டு, பாங்கியை விலைக்கு வாங்கியது. கொடுத்த விலை, ஒரே ஒரு பவுன்!

1995 டிசம்பரில் சிங்கப்பூர் கோர்ட்டு லீசனுக்கு ஆறரை ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது. ஜெயிலில் அவருக்குக் குடலில் புற்றுநோய் கண்டது. 1999-ல் விடுதலை ஆனார்.

நோபல் பரிசும் தப்பவில்லை

லீசன் அதிகம் படித்தவர் அல்ல, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி.

ஒரு டெரிவேட்டிவ் ஒப்பந்தத்துக்கு என்ன விலை கொடுப்பது நியாயம்? இதற்கு ஒரு சூத்திரத்தை 1973-ல் பிஷர் பிளாக், மைரன் சோல்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் வெளியிட்டார்கள். அதில் நியூட்டனின் கணக்கு வருகிறது. மார்க்கெட்டு டெரிவேட்டிவுக்கு விலை போட, கணக்கு டெரிவேட்டிவ் வேண்டியிருந்தது. வெகு காலம் தனித்தனியே ஓடிய இரண்டு வாய்க்கால்கள் அங்கே ஒன்று சேர்ந்தன.

1997-ல் சோல்சுக்கும், ராபர்ட் மெர்ட்டன் என்ற அறிஞருக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பிளாக் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

பரிசு பெற்ற இருவரும், லாங் டெர்ம் கேப்பிட்டல் மானேஜ்மெண்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியில் கூட்டாளிகள். அடுத்த ஆண்டே, 1998-ல், ரஷியா தன் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. மார்க்கெட்டு சூத்திரத்துக்கு அடங்க மறுத்தது. சில மாதங்களில் சுமார் 460 கோடி டாலர் நஷ்டம். 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டுக் கம்பெனியைத் தாங்கிப் பிடித்தன.

நம் நாட்டில்

இந்தியப் பங்கு மார்க்கெட்டுகளில், குறியீட்டு எண்ணை வைத்து நடக்கும் டெரிவேட்டிவ் வியாபாரம் 2000-ம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கியது. முதலில் அது பெரிய வியாபாரிகளின் சமாசாரமாகவே இருந்தது. கைபேசி வந்த பிறகு நிலைமை மாறியது. கல்லூரி மாணவரும், ஆபீஸ் குமாஸ்தாவும், வீட்டில் இருந்தபடி விரலால் தட்டி இதில் இறங்கினார்கள். "பங்கு வாங்குகிறேன்" என்றுதான் பலர் வீட்டில் சொல்கிறார்கள். பங்கு வேறு, பங்கின் டெரிவேட்டிவ் வேறு. பங்கு வாங்கியவர், விலை இறங்கினால் பொறுத்திருக்கலாம். இந்த ஒப்பந்தத்துக்கோ கெடுத் தேதி உண்டு. அந்தத் தேதி வந்துவிட்டால், பிறகு விலை ஏறினாலும் பயன் இல்லை.

பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் அரசாங்க அமைப்பு செபி. அது 2024 செப்டம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. 2022-ம் ஆண்டு மார்ச்சில் முடிந்த நிதி ஆண்டு முதல் மூன்று நிதி ஆண்டுகளில், இந்த வியாபாரத்தில் இறங்கிய தனி நபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். ஆளுக்குச் சராசரி சுமார் 2 லட்சம் ரூபாய். தனி நபர்கள் அனைவருக்கும் சேர்த்து 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

அதன் பிறகு செபி விதிகளை இறுக்கியது. 2024 நவம்பர் 20-ந் தேதி முதல், குறியீட்டு எண்ணை வைத்துப் புதிதாக வெளியிடும் ஒரு ஒப்பந்தத்தின் மதிப்பு, குறைந்தது 15 லட்சம் ரூபாய் இருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டது. அதற்கு முன்பு 5 லட்சம் ரூபாய் இருந்தாலே போதும் என்று இருந்தது.